ஏஜென்ட் ஆரஞ்ச்: ஒரே விஷம்... அமெரிக்க வீரருக்கு உரிமை, வியட்நாம் விவசாயிக்கு உதவியா?

வியட்நாம் போர் 1975-லேயே முடிந்துவிட்டது. ஆனால், அந்நாட்டின் பியென் ஹோவா விமானதளத்தில் சுமார் 5 லட்சம் கன மீட்டர் விஷ மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை இன்னும் முடியவில்லை. காரணம், ஏஜென்ட் ஆரஞ்ச்.

என்ன அது?

எதிரிகள் காட்டுக்குள் மறையக் கூடாது, அவர்களுக்கு விளைச்சலும் கிடைக்கக் கூடாது என்று 1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் கோடிக்கணக்கான லிட்டர் களைக்கொல்லியைத் தெளித்தன. அதில் அதிகம் பயன்பட்டது ஏஜென்ட் ஆரஞ்ச். அதில் கலந்திருந்த டையாக்சின்தான் வில்லன். பீப்பாய்களை வைத்திருந்த தளங்களில் அது மண்ணில் சிந்தி, குளத்துச் சேற்றில் தங்கியது. அங்கிருந்து மீனுக்கு, வாத்துக்கு, கடைசியில் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தது. சுமார் 30 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டதாக வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது.

முதலில் வந்தது யார்?

அரசுகள் இல்லை. ஜார்ஜ் மைசோ என்ற முன்னாள் அமெரிக்க வீரர், போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஒரு வியட்நாம் ஜெனரலோடு கைகோத்தார். பல நாட்டு நன்கொடையில் 1998-ல் ஹனோய் அருகே ‘நட்புக் கிராமம்’ திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் வயதான முன்னாள் வீரர்களுக்கும் அங்கே சிகிச்சை கிடைக்கிறது. பிள்ளைகள் தையல், எம்பிராய்டரி கற்கிறார்கள்.

மனதைத் தொடும் கதைதான். ஆனால், ஒரு கிராமத்தால் நாட்டின் மண்ணைச் சுத்தம் செய்ய முடியாதே!

அதற்கு வேறு மாதிரியான தொண்டு தேவைப்பட்டது. 2000-க்குப் பிறகு ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுக்க, கனடாவின் ஹாட்ஃபீல்டு நிறுவனம் டா நாங் தளத்தில் மண்ணையும் மீனையும் மனித ரத்தத்தையும் சோதித்தது. விஷம் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை, சில பழைய தளங்களில்தான் குவிந்திருக்கிறது என்று தெரிந்தது. ‘சரிசெய்யவே முடியாது’ என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போனது. 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றம் முதல்முறையாக நிதி ஒதுக்கியது. 2012-ல் டா நாங்கில் வேலை தொடங்கியது. சுமார் 90,000 கன மீட்டர் மண்ணையும் சேற்றையும் 335 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, டையாக்சினை அழித்து, 2018-ல் முடித்தார்கள்.

அப்புறம் என்ன பிரச்னை?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1991-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்படி, வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க வீரருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால் போதும், ஏஜென்ட் ஆரஞ்சால்தான் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டாம். உதவித்தொகை அவருடைய உரிமை. அந்த விஷத்துக்கு நடுவிலேயே வாழ்ந்த வியட்நாம் மக்கள் தயாரிப்பு நிறுவனங்கள் மீது போட்ட வழக்கோ 2005-ல் நியூயார்க்கில் தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றமும் 2009-ல் விசாரிக்க மறுத்துவிட்டது. இன்றுவரை அமெரிக்கா கொடுக்கும் பணத்துக்குப் பெயர் ‘உதவி’, இழப்பீடு அல்ல.

‘பெயரில் என்ன இருக்கு, பணம் வந்தால் சரி’ என்று தோன்றலாம். 2025 தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியதும், பியென் ஹோவாவில் தோண்டிய விஷ மண் அப்படியே கிடக்க, வேலை நின்றது. பிறகு தொடர்ந்தது என்பது ஆறுதல். ஆனால், கொடுப்பவர் மனசு மாறினால் உதவி நின்றுவிடும் என்பது புரிந்துவிட்டதல்லவா? அமெரிக்க வீரருக்கு அந்தப் பயம் இல்லை. அவர் பக்கம் சட்டம் இருக்கிறது.

நமக்கு என்ன?

ஆபீஸில் சிஎஸ்ஆர் மெயில் வரும்; நாமும் ஏதோ ஒரு அமைப்புக்கு மாசாமாசம் பணம் அனுப்புவோம். நல்லதுதான், நிறுத்த வேண்டாம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கிராமமும் வேண்டும், விஷத்தை அளக்கும் ஆய்வகமும் வேண்டும். ஆனால், அழகான போட்டோ வருவது முதல் வகைக்குத்தான் என்பதால் நம் பணமும் பெரும்பாலும் அங்கேயே போகிறது. தண்ணீரைச் சோதிப்பவர்கள், வழக்கு நடத்துபவர்கள், ஆவணம் சேர்ப்பவர்களுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். டா நாங் மண் சுத்தமாக வழிகாட்டியது அப்படிப்பட்ட ஒரு சோதனை அறிக்கைதான்.