“எனக்குத் தலை சுற்றுகிறது!”

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏணி மீது ஏறி வேலை செய்கிற தொழிலாளிக்கு, யாரும் சொல்லாமலே ஒன்று தெரியும். கால் தவறினால் கீழே விழுவோம் என்பதுதான் அது.

தரையில் நடப்பவருக்கு அந்த எண்ணம் வருமா? வராது. ஆனால், ஆஸ்பத்திரியில் நோயாளிகள் விழுவது பெரும்பாலும் தரையில்தான். கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே உள்ள பத்து அடி தூரத்தில்தான்!

மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் தங்கி இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரு முறை விழுந்தால், வயதானவருக்கு இடுப்பு எலும்பு முறியலாம். அதோடு படுத்த படுக்கைதான். உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. விபத்துச் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

மருந்தின் வேலை

சென்னையில் மனநோய்க்கு ஆஸ்பத்திரி ஏற்பட்டது 1794-ம் ஆண்டில். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் மனநோய்க்கு நல்ல மருந்து இல்லை.

1952-ல்தான் பாரிஸ் நகரத்து டாக்டர்கள், ‘குளோர்புரோமசின்’ என்ற மருந்து மனநோயைத் தணிப்பதைக் கண்டார்கள். அது பல லட்சம் பேருக்கு வாழ்வு கொடுத்தது. ஆனால், அதில் ஒரு சங்கடமும் உண்டு.

நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தத்தை மூளைக்கு அனுப்பும். இந்த மருந்து அப்படிச் சுருங்க விடாது. அதனால், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்; தலை சுற்றும். வேறு சில மருந்துகளால் கை, கால் விறைத்து நடை குறுகும். தூக்க மாத்திரை சாப்பிட்டவர் நடு இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் தடுமாறுவார். புதிய மருந்து தொடங்கிய நாட்களிலும், அளவைக் கூட்டிய நாட்களிலும் கவனம் தேவை.

நோயாளி என்ன நினைக்கிறார்?

“இவர் விழக் கூடியவர்” என்று நர்சு குறித்து வைக்கிறார். நோயாளியோ, “நான் ஏன் விழப் போகிறேன்?” என்கிறார். இப்படி இருவர் எண்ணமும் வேறுபடுவதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டி இருக்கின்றன.

மனக் கிளர்ச்சி மிகுந்தவருக்கு உடம்பில் புது பலம் வந்தது போலத் தோன்றும். அவர் எச்சரிக்கையைக் கேட்கமாட்டார். சிலருக்கு ஆபத்து தெரியும். ஆனாலும், “நர்சு அம்மாவுக்கு ஏன் தொந்தரவு?” என்று தனியே எழுந்து போவார்கள். உள்ளதைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்களோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இன்னும் சிலர், விழுந்து விடுவோம் என்று அஞ்சிக் கட்டிலை விட்டே இறங்குவது இல்லை. படுத்தே கிடந்தால் கால் பலம் போய்விடும். பிறகு நிஜமாகவே விழுவார்கள்!

எல்லாவற்றிலும் கொடுமை வேறு ஒன்று. “எனக்குத் தலை சுற்றுகிறது, தரை ஆடுகிறது” என்று நோயாளி சொல்கிறார். “மனநோயாளிதானே, ஏதோ உளறுகிறார்” என்று பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். வேறு நோய்க்காகப் படுத்திருப்பவர் இதே வார்த்தையைச் சொன்னால், உடனே டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

கட்டிப் போடலாமா?

“கட்டிலோடு கட்டி வைத்தால் விழமாட்டாரே!” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி நடந்ததை மறக்க முடியுமா? தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் மாண்டார்கள். பலர் சங்கிலியால் கட்டப்பட்டு இருந்தார்கள். அவர்களால் தப்பி ஓட முடியவில்லை.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்தில் இன்னொரு உரிமையும் இருக்கிறது. கொடுக்கும் மருந்தால் என்ன பக்க விளைவு வரும் என்பதை, நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். “இந்த மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றலாம். முதலில் உட்காருங்கள். காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் இருங்கள். பிறகு எழுந்திருங்கள்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், பழத்தோடு வழுக்காத செருப்பும் வாங்கிப் போகலாம். வேட்டியோ சேலையோ தரையில் புரளாமல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னால் நர்சிடம் சொல்ல வேண்டும். படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்ற பிறகு ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், டாக்டர் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். வீட்டார் தாமாக மருந்தை நிறுத்தக்கூடாது.