சும்மா ஒரு நடை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“எல்லாரும் எங்கே கிளம்பிட்டீங்க?”

எங்கள் தெருவில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. கடைக்கு என்றால் ஏற்றுக்கொள்வார்கள். டியூஷனுக்கு என்றால் பாராட்டுவார்கள். தோழி வீட்டில் நோட்டு வாங்க, மாவு மில்லுக்கு, தையற்கடைக்கு என்று எதைச் சொன்னாலும் வழி கிடைக்கும். ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டோம். “சும்மா நடந்துட்டு வரோம், பெரியம்மா.” திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். “வயசுப் பொண்ணுங்களுக்குச் சும்மா இன்னாடி நடை?”

அந்தச் ‘சும்மா’வுக்காக வாதாடவே ஆண்டு மலரில் இவ்விடத்தைக் கேட்டு வாங்கினோம். அன்புத் தோழியரும் பெற்றோரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறோம்.

நாங்கள் நால்வர், விரிஞ்சிபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் பள்ளிக்கு வருபவர்கள். வாரம் முழுவதும் எங்களுக்கு ஓட்டம்தான். பஸ்ஸுக்கு ஓட்டம், முதல் மணி அடிப்பதற்குள் ஓட்டம், சனிக்கிழமையானால் சிறப்பு வகுப்புக்கு ஓட்டம். ஆகவே சென்ற கோடை விடுமுறையில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு மணி வரை நடப்பது. கையில் பை கிடையாது, வாங்கி வர வேண்டிய சாமான் கிடையாது. கைப்பேசியில் காலடிகளை எண்ணுவதும் கிடையாது.

பாதை மிகச் சிறியது. தெருமுனையில் தொடங்கி மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதில் ஓரமாகச் சென்று, தென்னந்தோப்பைக் கடந்தால் பாலாற்றின் தென்கரை. வேகமாகப் போனால் கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கு முக்கால் மணி நேரம் போதவில்லை. ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று வெளியூரார்கூடச் சொல்லும் மதில் அல்லவா? ஸ்கூட்டரில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறோம். அப்போதெல்லாம் அது எங்களுக்கு நீளமான ஒரு சுவர், அவ்வளவே. நடந்து போனபோதுதான் கற்களின் அளவு தெரிந்தது. ஐந்து மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகல் முழுவதும் வாங்கிய வெயிலைக் கல் இன்னும் வைத்திருக்கும். எங்களில் ஒருத்தி இதற்காகவே கையால் தடவிக்கொண்டே வருவாள். அவள் உள்ளங்கை வீடு திரும்பும்போது என்ன நிறத்தில் இருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

கோயிலுக்குள் நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமாகக் கோடுகளும் எண்களும் செதுக்கியிருக்கும். மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. இதைப் பார்த்துவிட்டு வந்து புவியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. எங்கள் ஊர் ஏறக்குறைய 79 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால், சூரியக் கணக்கில் எங்கள் ஊர் கடிகாரத்துக்குச் சுமார் 14 நிமிடம் பின்தங்குகிறது. மாதத்துக்கு மாதம் இது சற்றுக் கூடும், குறையும். ஆகவே கடிகாரம் ஆறு அடிக்கும்போது எங்கள் ஊருக்கு மணி ஐந்தே முக்கால்தான் என்று வீட்டில் எடுத்துரைத்தோம். வாதம் தள்ளுபடியாயிற்று.

பிறகு ஆறு. பாலாற்றைப் பற்றிப் பாடத்தில் படித்தது எல்லாம் மனப்பாடம். நந்திமலையில் பிறந்து, மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் ஓடிக் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலில் சேர்கிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆனால் ‘ஓடி’ என்ற சொல்லை எங்கள் ஊரில் நின்று சொல்ல வாய் கூசும். பெரும்பாலான நாட்களில் மணல் இருக்கும், வேலிகாத்தான் புதர் இருக்கும், நடுவில் எங்கோ ஒரு நீர்க்கோடு இருக்கும். தான் சிறுமியாய் இருந்தபோது மணலைக் கையால் தோண்டினாலே தண்ணீர் ஊறும் என்பார் எங்களில் ஒருத்தியின் ஆயா. நாங்களும் முழங்கை வரை தோண்டிப் பார்த்தோம். மணல்தான் வந்தது. மேலே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் இதே ஆற்றைக் கெடுத்ததையும், அதற்காக உச்ச நீதிமன்றம் 1996-இல், கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்ததையும், 2025-இல் மறுபடியும் இந்த ஆற்றுக்காகவே தீர்ப்புக் கூற நேர்ந்ததையும் ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேட்கத் தோன்றியதே அந்த மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது நாங்கள் ஆறாம் வகுப்பு. ஊரே கரைக்கு நடந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்கள், கோலூன்றி வந்தவர்கள், எல்லாரும் சும்மா பார்க்கத்தான் வந்தார்கள். அன்று யாரும் யாரையும் “எங்கே கிளம்பிட்டே?” என்று கேட்டதாக நினைவில்லை.

இன்னொரு நாளும் உண்டு. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு. எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் குழந்தை வரம் வேண்டி, நள்ளிரவில் சிம்மக்குளத்தில் நீராடி ஈரப் புடவையோடு கோயிலில் படுத்திருப்பார்கள். இரவு ஒரு மணிக்கு எங்கள் தெருக்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு நடப்பதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறோம். ஊர் அதே ஊர்தான், தெருவும் அதே தெருதான். ஆனால் மற்ற ஞாயிறுகளில் மாலை ஐந்து மணிக்கு நாலு பெண்கள் நடந்தால் புருவங்கள் உயர்கின்றன. எங்கள் வீட்டு அண்ணன்மார் செதுவாலை கூட்ரோடு வரை சென்று டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வருகிறார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டால் “சும்மா” என்கிறார்கள். அந்தச் சொல் அவர்கள் வாயில் செல்லுபடியாகிறது.

பெரியவர்களின் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நாங்கள் சாதிக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தோப்புப் பாதையில் எங்களை மூன்று முறை சுற்றிச் சுற்றி வந்தனர். ஏதும் பேசவில்லை, சிரித்தனர். பாதியில் திரும்பிவிட்டோம். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நடையே நின்றுவிடும் என்று பயம். சொல்லாமலே இரண்டு ஞாயிறு நாங்களாகவே வீட்டில் அடைந்து கிடந்தோம். பயத்தை மறைத்தால் பயமுறுத்தியவர்களுக்குத்தான் லாபம் என்று மூன்றாம் வாரம் உறைத்தது. எங்களில் ஒருத்தி தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அடுத்த வாரம் நானும் வரேன்” என்றார்.

அந்த அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் மெஷினில் வேலை செய்கிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்துவிடும். ஆறு நாள் அப்படி. ஏழாம் நாள் துணி துவைக்க, மாவு அரைக்க, வீடு கழுவ. அன்று எங்களோடு கிளம்பியவர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் போலவே நடந்தார். நாங்கள் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. “அம்மா, மெதுவா!” என்று மகள் கத்தினாள். “கால் கேக்க மாட்டேங்குதுடி” என்றார். மதில் முடியும் இடத்தில்தான் அவர் நடை எங்கள் நடைக்கு இறங்கியது.

மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கலியாணம் ஆன வருடம் ஒருமுறை வந்தாராம். பதினேழு வருடம் ஆயிற்றாம். ஆறு இருப்பதோ வீட்டிலிருந்து கால் மணி தூரத்தில். பிறகு, யாரும் கேட்காமலே, “நாங்க தைக்கிற ஷூவைப் போட்டுக்கினு வெளிநாட்டுல சும்மா நடக்கப் போவாங்களாம். வாக்கிங் ஷூன்னே அதுக்குப் பேரு” என்றார். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் எங்கள் பக்கத்திலிருந்து ஷூ போகிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதை நாங்கள் அறிந்துதான் இருந்தோம். ஆனாலும் அவர் வெறுங்காலோடு மணலில் நின்று சொன்னபோது எங்களுக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து வேறு அம்மாக்களும் வரத் தொடங்கினர். துணை வேண்டும் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் ஊர் இறைவனுக்கே வழித்துணைநாதர் என்றுதானே பெயர்! மார்க்கபந்து என்றாலும் அதே பொருள்தான். லூக்கா நற்செய்தியிலும், உயிர்த்த ஞாயிறன்று எம்மாவுக்கு நடந்துபோன இரு சீடர்களோடு ஆண்டவர் வழியில் வந்து சேர்ந்துகொள்கிறார். வழி நெடுகப் பேசிக்கொண்டே போகிறார்கள். ஆங்கிலப் பாடத்தில் டாஃபடில் மலர்களைப் பாடிய வேர்ட்ஸ்வொர்த் தனியாக நடந்ததாகத்தான் நாங்கள் எண்ணியிருந்தோம். 1802 ஏப்ரல் 15 அன்று ஏரிக்கரையில் அவருடன் தங்கை டாரத்தியும் நடந்தார், அம்மலர்களைப் பற்றி முதலில் தன் நாட்குறிப்பில் எழுதியவரும் அவரே என்று ஆசிரியை சொன்னார். தங்கை பெயரும் பாடத்தில் இருந்தால் நன்றாயிருக்கும்.

அரசுத் தேர்வு எழுதும் ஆண்டில் வாரம் ஒன்றரை மணி நேரம் வீணாகிறதே என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நடையால் எங்கள் மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கில் தடுமாறியவள் இன்றும் தடுமாறுகிறாள். மதிப்பெண்ணுக்காக நடக்கச் சொன்னால் அதுவும் ஒரு டியூஷன் ஆகிவிடும். விடுதித் தோழியர் ஞாயிறு மாலை மைதானத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மாதம் ஒருமுறையேனும் அவர்களை வரிசையில்லாமல் வெளியே நடக்க விடலாகாதா என்று சிஸ்டர்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற ஞாயிறு நாங்கள் ஒன்பது பேர். பெரியம்மா வழக்கம்போல் முறத்தோடு திண்ணையில் இருந்தார். வழக்கம்போல் கேட்டார். “சும்மாதான் பெரியம்மா” என்றோம். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“இருட்டறதுக்குள்ள வந்துடுங்க” என்றார்.