எல்லை போடாத வானொலி

"அப்பா, யாரோ பேசுறாங்க. பதில் சொல்லட்டா?"

போன ஞாயிற்றுக்கிழமை மாலை கூடத்திலிருந்து மகளின் குரல். எட்டிப் பார்த்தேன். என் ஹேம் ரேடியோ அவள் கையில் இருந்தது. திரையில் 156.800. கட்டைவிரல், பேசும் பொத்தானின் மேல். ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். பிள்ளை மிரண்டு போனாள்.

அவள் ஏதோ எண்களை அழுத்தி விளையாடியிருக்கிறாள். ஆனால் 156.800 மெகாஹெர்ட்ஸ் என்பது கடல்துறையின் 16ஆம் சேனல். ஆபத்தில் சிக்கிய கப்பலும் படகும் உதவி கேட்கும் அலைவரிசை அது. எங்கள் வீடு கிள்ளானில், துறைமுகம் பக்கம். ஒரு மீனவர் உதவி கேட்கும் நொடியில் இவள் "ஹலோ, யாரு?" என்றிருந்தால், அவர் குரல் அமுங்கிப் போயிருக்கலாம்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தவறு அவளுடையதா? எம்சிஎம்சி உரிமமும் அழைப்புக்குறியும் என் பெயரில் இருக்கின்றன. எங்களுக்கு 2 மீட்டர் பட்டையில் அனுமதி 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. கையிலிருக்கும் கருவியோ 136 முதல் 174 வரை தாராளமாகப் போகும். எல்லை போட வேண்டும் என்று தெரிந்தும் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டவன் நான்.

அன்றிரவே இருவரும் மடிக்கணினி முன் உட்கார்ந்தோம். வேலை பெரிதில்லை. கேபிளைச் செருகி, சிர்ப் என்ற இலவச மென்பொருளில் முதலில் கருவியில் உள்ளதைப் படித்து, ஒரு நகலைச் சேமித்துக்கொண்டோம். ஏதாவது கெட்டுப்போனால் திரும்பப் போட அதுதான் கைகொடுக்கும். பிறகு அமைப்புப் பகுதியில் கீழ் எல்லையை 144, மேல் எல்லையை 148 என்று மாற்றி, கருவிக்குத் திருப்பி அனுப்பினோம். மகள் மறுபடியும் 156.800 அழுத்திப் பார்த்தாள். கருவி ஏற்கவில்லை.

"அப்ப கப்பல்காரங்க பேசுறதையும் கேக்க முடியாதா?" முகம் வாடிவிட்டது. ஆமாம், இந்தக் கருவியில் பேச்சோடு கேட்பதும் நின்றுவிடும். அதுதான் விலை.

அடுத்த கேள்வி: "144.000ல பேசலாமா?"

கூடாது. எஃப்எம்மில் நம் குரல் ஒரே புள்ளியில் நிற்காது. இரு பக்கமும் ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸ் பரவும். விளிம்பில் நின்று பேசினால் பாதி வெளியே போய்விடும். ரிப்பீட்டருக்காக 600 கிலோஹெர்ட்ஸ் கழிக்கும் அமைப்பு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 144.300ல் கேட்டுக்கொண்டே 143.700ல் பேச வேண்டிவரும். அதைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், நாமே கழித்துப் பார்ப்பது நல்லது.

எல்லை போட்டாகிவிட்டது என்பதற்காக வீட்டில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றும் இல்லை. உரிமம் இல்லாதவர் 146லும் பொத்தானை அழுத்தக் கூடாது. அதனால் கருவி இப்போது விசைப்பலகைப் பூட்டோடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

மகள் என் பழைய தேர்வுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அன்று பிடுங்கிய வேகத்துக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்டுவிட வேண்டும்.