காற்றுக்கு வழிவிடாத கண்ணாடி முகப்புகள்

விளையாட்டுக் கணினியைப் பகுதி பகுதியாக வாங்கிக் கோத்துக்கொள்பவர்களிடையே ஆழ வேரூன்றிவிட்ட நம்பிக்கை ஒன்று உண்டு. கேபினட் எவ்வளவு பெரியதோ, அதில் எத்தனை விசிறிகள் சுழல்கின்றனவோ, அந்த அளவுக்கு உள்ளிருக்கும் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சூடேறாமல் இருக்கும் என்பதே அது. ஆறு விசிறி, ஏழு விசிறி, முன்புறம் முழுக்கக் கண்ணாடி, அதன் பின்னே நிறம் மாறும் ஆர்ஜிபி விளக்கு என்று அடுக்கிச் சொல்லித்தான் சென்னை ரிச்சி தெருவிலும் இணைய அங்காடிகளிலும் கேபினட்டுகள் விற்கப்படுகின்றன. இந்த நம்பிக்கை தவறானது. கேபினட்டைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டை அதன் முழுத் திறனில் இயங்கவிடாமல் செய்துவிடுவதால், தவறு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் வன்மையாகக் கண்டிக்கவும் வேண்டியது. குளிர்ச்சியைத் தீர்மானிப்பது வெளிக்காற்று உள்ளே நுழைவதற்கு இருக்கும் வழியின் தாராளம். மற்றவையெல்லாம் அதற்கு அடுத்த நிலையில் வருபவை.

பெட்டியின் பருமனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு முழு வேலையில் 320 வாட் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. பிராசஸர், மதர்போர்டு, நினைவகம் ஆகியவற்றோடு, மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 500 வாட் வருகிறது. இந்த மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. நடுத்தர அளவுள்ள கேபினட்டின் கொள்ளளவு சுமார் 50 லிட்டர். அத்தனையும் காற்றாகவே இருந்தாலும் அதன் எடை 60 கிராம்தான். அந்த 60 கிராம் காற்று அசையாமல் நின்றால், 500 வாட் வெப்பம் அதை நொடிக்கு 8 டிகிரி செல்சியஸ் வீதம் சூடேற்றும். பெட்டியை இருமடங்கு பெரிதாக்கினாலும் அந்த வேகம் 4 டிகிரியாகக் குறையுமே தவிர, சில நொடிகளுக்கு மேல் எந்தப் பயனும் கிட்டாது. பெரிய பெட்டியில் நீளமான கார்டும் உயரமான ஹீட்சிங்க்கும் இடிக்காமல் பொருந்தும் என்பது உண்மை. பருமனால் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் அவ்வளவுதான்.

தேவைப்படுவது ஓட்டம். உள்ளே நுழையும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமானால், 500 வாட்டுக்கு நொடிக்கு 42 லிட்டர் காற்று பெட்டியைக் கடந்தாக வேண்டும். அதாவது பெட்டியிலுள்ள காற்று முழுவதும் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டம் பாதியானால் 10 டிகிரி உயர்வு 20 டிகிரியாகிறது. பெட்டிக்குள் உள்ள காற்று எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறதோ, விசிறியின் வேகம் மாறாத நிலையில், அதே அளவுக்குச் சிப்பின் வெப்பநிலையும் உயர்கிறது. உயர்ந்தபின் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விளையாட்டின் ஓட்டத்தில் தடுமாற்றமாகத் தெரிவது பல நேரங்களில் இதன் விளைவே.

இங்குதான் எண்ணிக்கையை நம்புபவர்கள் வழி தவறுகிறார்கள். ஒவ்வொரு விசிறிக்கும் இரண்டு அளவுகள் அச்சிடப்படுகின்றன. எந்தத் தடையும் இல்லாத வெளியில் அது தள்ளக்கூடிய காற்றின் அளவு ஒன்று. காற்று நகரவே முடியாதபடி அடைத்துவிட்டால் அது உண்டாக்கக்கூடிய அழுத்தம் மற்றொன்று. இரண்டாவது நிலையழுத்தம் எனப்படுகிறது. எத்தனை மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும் என்ற கணக்கில் அது குறிக்கப்படுகிறது. இவ்வகையில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் நோக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்ற 120 மில்லிமீட்டர் விசிறிக்கு, நிமிடத்துக்கு 2000 சுழற்சியில், மணிக்கு 102 கனமீட்டர் காற்றும் 2.34 மில்லிமீட்டர் நீரளவு அழுத்தமும் குறிக்கப்பட்டுள்ளன. இந்த இரண்டையும் எந்த விசிறியும் ஒரே நேரத்தில் தருவதில்லை. தடை கூடக் கூடக் காற்று குறைந்துகொண்டே போய், தடை அந்த 2.34 என்ற உச்சத்தைத் தொடும்போது இறக்கைகள் சுழன்றுகொண்டிருந்தாலும் காற்று நின்றுவிடுகிறது. அருகருகே இன்னும் இரண்டு விசிறிகளைப் பொருத்தினால் தள்ளப்படும் காற்றின் அளவு கூடும். அழுத்தத்தின் உச்சமோ அதே 2.34-இல்தான் நிற்கும். பலரும் அறியாத, விற்பவர்களும் சொல்லாத செய்தி இதுவே.

இனிக் கண்ணாடி முகப்பைக் கூர்ந்து பார்க்கலாம். முன்புறம் முழுவதையும் கண்ணாடி மூடியிருக்க, அதற்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கங்களிலும் விரற்கடை அகலத்தில் ஓர் இடுக்கு விடப்பட்டிருக்கும். இடுக்கு 1 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது என்று கொண்டால், இரு பக்கத்துக்கும் சேர்த்து 80 சதுர சென்டிமீட்டர்தான் திறப்பு. உள்ளே வரிசையாகச் சுழலும் மூன்று 120 மில்லிமீட்டர் விசிறிகளின் வட்டப் பரப்போ 330 சதுர சென்டிமீட்டருக்கும் மேல். தேவையான 42 லிட்டர் காற்றும் அந்த 80 சதுர சென்டிமீட்டர் வழியாக நுழைய வேண்டுமானால் நொடிக்கு 5 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய வேண்டும். அந்த வேகத்தை ஊட்டுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் நீரளவு அழுத்தம் செலவாகிறது. இடுக்கில் நுழைந்த காற்று உடனே செங்குத்தாகத் திரும்பி, தூசி வடிகட்டியையும் கடந்துதான் விசிறியை அடைய வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மேலே சொன்ன உயர்தர விசிறியின் உச்ச அழுத்தமே போதாமற்போகும். கேபினட்டோடு இலவசமாக வரும் விளக்கு விசிறிகள் பெரும்பாலும் அந்த அழுத்தத்தின் அருகில்கூட வருவதில்லை.

இதே முகப்பில் மெஷ் எனப்படும் துளையிட்ட வலைத்தகடு இருந்தால் கணக்கே வேறு. 40 சென்டிமீட்டர் உயரமும் 18 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டில் பாதிப் பரப்பு துளையாக இருந்தாலும் 360 சதுர சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. திறப்பு நாலரை மடங்கு கூடினால் காற்றின் வேகம் அதே விகிதத்தில் குறைகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே அழுத்த இழப்பு அமைவதால், அந்த இழப்பு இருபதில் ஒரு பங்காகிறது. அப்போது மேற்சொன்ன தரமுள்ள இரண்டு அல்லது மூன்று விசிறிகளே தேவையான காற்றைத் தந்துவிடுகின்றன.

கேபினட் நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. சுவீடனின் ஃபிராக்டல் டிசைன் நிறுவனம், சத்தத்தை அடக்குவதற்காக முகப்பை மூடி வடிவமைத்த டிஃபைன் சி கேபினட்டின் சட்டத்தையே அடிப்படையாகக் கொண்டு, வலைத்தகடு முகப்புடன் மெஷிஃபை சி என்ற கேபினட்டை 2017-இல் வெளியிட்டது. 2021-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த டோரென்ட், முன்புறம் இரண்டே இரண்டு 180 மில்லிமீட்டர் விசிறிகளை வைத்து, அவற்றுக்கு முன்னால் தடை மிகக் குறைந்த திறப்பை அமைத்தது. என்இசட்எக்ஸ்டி நிறுவனமும் மூடிய முகப்புடைய எச்510 கேபினட்டுக்குத் துளையிட்ட முகப்புடன் எச்510 ஃபுளோ என்ற வடிவத்தை அதே 2021-இல் வெளியிட்டது. முகப்பை மாற்றியாக வேண்டும் என்று உற்பத்தியாளர்களே உணர்ந்து செயல்பட்ட பிறகும், விசிறிகளை எண்ணிக் காட்டி விற்கும் வழக்கம் கடைகளில் தொடர்வது வருந்தத்தக்கது.

கண்ணாடி என்பதே குற்றம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2018-இல் வந்த லியன் லி ஓ11 டைனமிக் முன்புறமும் ஒரு பக்கமும் கண்ணாடியால் ஆனது. ஆயினும் அடிப்பகுதியிலும் மற்றொரு பக்கத்திலும் விசிறிகளுக்கு அகலமான திறப்புகள் உள்ளதால் அதில் காற்று திணறுவதில்லை. அத்தகைய கேபினட்டை வாங்கி, அந்தத் திறப்புகளைச் சுவரோடு ஒட்டி வைப்பவர் வாங்கியதன் பயனைத் தாமே இழக்கிறார்.

முன்புறம் அடைபட்டிருந்தால் என்ன, மேலேயும் பின்னாலும் இருக்கும் விசிறிகள் இழுத்துக்கொள்ளுமே என்று வாதிடுவோர் உண்டு. விசிறிகள் இழுக்கத்தான் செய்கின்றன. ஆனால் காற்று தனக்கு எளிதான வழியையே தேடுகிறது. கார்டுகளைப் பொருத்தும் இடத்துக்குப் பின்னால் உள்ள துளைகள், பலகைகளின் விளிம்புகள் ஆகியவற்றின் வழியே நுழையும் காற்று, வெளியேற்றும் விசிறிக்கு மிக அருகிலேயே உள்ளே வந்து அப்படியே வெளியேறிவிடுகிறது. சற்றுமுன் பின்புறமாக வெளியேறிய சூடான காற்றே பல நேரங்களில் இவ்வழியாகத் திரும்பி வருகிறது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி இந்தத் துளைகளின் அருகே பிடித்தால் புகை உள்நோக்கி இழுபடுவதைக் கண்ணாலேயே காணலாம். விசிறிகள் உள்ளே தள்ளும் காற்றைவிட வெளியே தள்ளுவது மிகுந்த இந்த நிலையில், வடிகட்டி இல்லாத ஒவ்வோர் இடுக்கும் தூசியின் நுழைவாயிலாகிறது.

சூடான காற்று மேலே எழும் என்ற பள்ளிப் பாடத்தைக் கொண்டு, மேற்கூரை முழுக்க விசிறி வேண்டும் என்று சொல்லப்படுவதையும் நெடிது ஆராய வேண்டியதில்லை. 45 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் 10 டிகிரி வெப்ப வேறுபாடு உண்டாக்கும் மேலெழும் அழுத்தம் 0.02 மில்லிமீட்டர் நீரளவைக்கூட எட்டுவதில்லை. முன்னர்க் குறிப்பிட்ட விசிறியின் உச்ச அழுத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. மேற்கூரையின் முன்பகுதியில் வெளியேற்றும் விசிறியை வைப்பது பெரும்பாலும் தீங்கையே தருகிறது. முகப்பு வழியாக நுழைந்த புதுக்காற்று பிராசஸரை அடையும் முன்னரே அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடுகிறது.

கூடுதல் விசிறிகளுக்கு நியாயமான ஒரு பயன் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடுகிறது. அதே வேகத்தில் மற்றொரு விசிறியைச் சேர்த்தால் 3 டெசிபல்தான் கூடுகிறது. ஆகவே திறந்த முகப்புள்ள கேபினட்டில் மூன்றை மெதுவாகச் சுழலவிடுவது, ஒன்றை விரட்டி ஓட்டுவதைவிட அமைதியானது. அமைதியை விரும்பி வாங்குபவர் அதற்காகவே வாங்கட்டும். மூடிய முகப்புக்கு அது மருந்தாகும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் இத்தவறின் விலை இன்னும் கூடுதல். காற்றால் குளிர்விக்கப்படும் எந்தக் கணினியும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. கத்திரி வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறை 35 டிகிரியைத் தொடும்போது, 22 டிகிரி அறையில் பெற்ற அளவுகளைப் படித்துவிட்டு வாங்கியவர் 13 டிகிரியை முன்கூட்டியே இழந்துவிடுகிறார். இதற்கு மேல், கணினி மேசையில் கதவுடன் அமைந்த சிறிய அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைக்கும் வழக்கமும் பல வீடுகளில் உள்ளது. அங்கே எந்த முகப்பும் பயன்படாது, ஏனெனில் உள்ளே இழுக்கப்படுவது கேபினட் சற்றுமுன் வெளியேற்றிய சூடான காற்றேயாகும். மாதம் ஒருமுறையேனும் வடிகட்டியைக் கழுவாவிட்டால் வலைத்தகடு முகப்பும் நாளடைவில் மூடிய முகப்பைப் போலாகிவிடும்.

ஏற்கெனவே கேபினட் வைத்திருப்பவர் செலவின்றிச் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. கனமான விளையாட்டு ஒன்றை அரைமணி நேரம் ஓட்டி, கார்டின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முகப்புப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, அதே அறையில் அதே விளையாட்டை மீண்டும் அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். வேறுபாடு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் முகப்பில் குறையில்லை. எட்டு, பத்து டிகிரி குறைந்தால், மேலும் விசிறிகள் வாங்கக் கடைக்குப் போகும் முன், அந்தச் சட்டத்துக்குப் பொருந்தும் வலைத்தகடு முகப்பு தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா என்று தயாரித்த நிறுவனத்திடம் கேட்டறிவதே சிக்கனமானது.