காற்றுக் குழாயும் பெட்ரோல் சிக்கனமும்

நம் கல்லூரியிற் பயின்று, இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உத்தியோகம் வகிக்கும் பழைய மாணவ நண்பர் ஒருவர் சென்ற விடுமுறையில் நம்மைக் காண வந்திருந்தார். பழைய நினைவுகளைப் பேசி மகிழ்ந்தபின், பேச்சு அவரது வண்டியைப் பற்றித் திரும்பிற்று. அவ்வூரில் 'பிக்கப்' என்று வழங்கும் பெரிய வண்டி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் உற்பத்தியாளர் வைத்த காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கடையில் தனியே விற்கும் அகன்ற காற்றுக் குழாய் ஒன்றைச் சில நூறு டாலர் கொடுத்து வாங்கிப் பொருத்தினாராம். அன்று முதல் காலன் ஒன்றுக்கு ஒரு மைல் கூடுதலாக ஓடுகிறதென்று பெருமிதத்துடன் கூறினார்.

விருந்தினரை மறுத்துப் பேசுதல் மரபன்று என்றெண்ணி நாம் அன்று மௌனமாயிருந்தோம். ஆயின், அங்கே கூடியிருந்த மாணவருள் ஒருவர், லாரி வைத்துக் குடும்பம் நடத்தும் தம் தந்தையாருக்கு இச்செய்தியை ஒரு நல்ல யோசனையாக எழுதிவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். அப்பொழுதுதான் நம் மௌனம் தவறென்பது நமக்கு விளங்கிற்று. அத்தவற்றுக்குப் பரிகாரமாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்போம். மோட்டார் யந்திரம் காற்றைச் சுவாசிக்கும் ஒரு பிராணி போன்றது. வண்டியுடன் வரும் காற்றுப் பெட்டி குறுகியது; அதன் பாதை வளைந்தது; அதிலுள்ள காகித வடிகட்டி அடர்த்தியானது. மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுகிறவன் விரைவில் களைப்பது போல, யந்திரமும் மூச்சுத் திணறி வீணே பெட்ரோலைச் செலவழிக்கிறது. அகன்ற வழவழப்பான குழாயையும், எண்ணெய் தோய்ந்த பருத்தி வலை வடிகட்டியையும் பொருத்தினால் மூச்சு இலகுவாகும், செலவு குறையும். இதுவே அவர்தம் கூற்று. கேட்பதற்கு இனிய வாதம். பெரிய வண்டிக்காரருக்கோ இன்னும் இனியது. காலனுக்கு 15 மைல் ஓடும் வண்டி ஆண்டுக்கு 12,000 மைல் சென்றால் 800 காலன் பெட்ரோல் குடிக்கும். இத்தகைய வண்டியில் நூற்றுக்கு ஐந்து பங்கு மிச்சமானாலும் 40 காலன் கைக்கு வரும். ஆகவே, பசித்தவன் சோற்று மணத்தை நம்புவது போல, செலவு மிக்கவன் சிக்கனத்தின் பேரை நம்புகிறான்.

இனி, யந்திரத்தின் இயல்பை நோக்குவோம். பெட்ரோல் ஒரு பங்கு முற்றிலும் எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று என்று கணக்கிடலாம். தற்கால வண்டிகளில் உட்செல்லும் காற்றை அளப்பதற்கு ஓர் உணர்கருவியும், புகைப் போக்கியில் எஞ்சிய பிராணவாயுவைச் சோதிப்பதற்கு மற்றோர் உணர்கருவியும் உள்ளன. இவற்றின் சொற்படி, வண்டியிலுள்ள சிறு கணினி பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகும். காற்றுக் குறைந்தால் பெட்ரோலும் குறையும். அதிகக் காற்றுப் புகுந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது ஆதலால் பொருந்தாத கூற்றாகும்.

அன்றியும், யந்திரத்திற்கு எவ்வளவு காற்றுச் செல்லவேண்டுமென்று தீர்மானிப்பது குழாயன்று. 'த்ராட்டில்' என்னும் அடைப்புக் கதவே. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அளவுக்கு அது திறக்கிறது. சமவெளியில் நிதானமாகச் செல்லும்போது அக்கதவு சிறிதளவே திறந்திருக்கும். அதற்கப்பால் உள்ள அழுத்தம் பல சமயங்களில் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இப்பெருந் தடையின் முன்னே, சுத்தமான வடிகட்டியின் தடை மிக அற்பமானது. நம் கிராமத்து உழவனைக் கேட்டுப் பார்ப்போம்: மதகைச் சாண் அளவே திறந்து வைத்துக்கொண்டு, மதகுக்கு மேலுள்ள வாய்க்காலை இருமடங்கு அகலமாக வெட்டினால் வயலுக்கு நீர் அதிகம் பாயுமா? அவன் நம்மைப் பார்த்து நகைப்பான். வாய்க்காலின் அகலம் பயன்படுவது மதகை முழுவதும் தூக்கிவிட்ட நாளில் மாத்திரமே.

இதுபற்றியே, அகன்ற குழாயினால் நன்மை ஒன்றுமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து, யந்திரத்தின் முழுப் பலத்தையும் வாங்கும்பொழுது, சில வண்டிகளில் சிறிது பலம் கூடலாம். அப்பொழுதும் கூடுகிற பலத்திற்குக் கூடுதலான பெட்ரோலே விலையாகும். பலம் வேறு, சிக்கனம் வேறு. ஒன்றன் பெயரால் மற்றொன்றை விற்பதையே நாம் மறுக்கிறோம்.

குளிர்ந்த காற்றை உள்ளே கொணர்வதால் சிக்கனம் உண்டாகும் என்பாருமுளர். காற்றின் வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அதன் அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்களவு கூடும் என்பது உண்மையே. ஆயின், நிதானமாக ஓடும் வண்டியில் அதன் விளைவு யாது? அதே பலத்திற்கு அடைப்புக் கதவு இன்னுஞ் சற்று மூடிக்கொள்ளும். யந்திரம் காற்றை இழுக்கப் படும் பாடு சிறிது கூடுமேயன்றிக் குறையாது.

வாதம் எவ்வளவு அழகாயினும் சோதனையே முடிவானது. அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிச்சாலையார், வடிகட்டியின் நிலைமைக்கும் பெட்ரோல் செலவுக்கும் உள்ள தொடர்பைச் சோதித்து 2009-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். வடிகட்டியை வேண்டுமென்றே அடைத்து வைத்துப் பார்த்தும், கணினியால் ஆளப்படும் புதிய பெட்ரோல் வண்டிகளில் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வேகமெடுக்கும் திறன் மாத்திரம் குறைந்தது. கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டியிலோ செலவு கூடிற்று. எனினும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு கூடும் அளவுக்கு அடைத்தபோது, அவ்வண்டி ஓட்டுதற்கே ஏறக்குறைய உதவாமற் போயிற்று. இங்கேதான் பழைய நம்பிக்கையின் வேர் கிடக்கிறது. நம் பாட்டனார் காலத்து வண்டிக்குப் பொருந்திய அறிவுரை, வண்டி மாறிய பின்னும் வாய்வழியாக நடமாடுகிறது. அடைபட்ட வடிகட்டியே புதிய வண்டியின் செலவைக் கூட்டவில்லையாயின், சுத்தமான வடிகட்டியை இன்னும் அகலமான வேறொன்றால் மாற்றுவது எதனைக் குறைக்கும்? அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும், பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக விளம்பரம் செய்யப்பெற்ற நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, பெரும்பயன் தருவது ஒன்றையேனும் கண்டிலது.

நிற்க. மாணவரின் தந்தையார் வைத்திருப்பது டீசல் லாரி. டீசல் யந்திரத்தில் காற்றின் அளவைக் கொண்டு பலத்தை அடக்கும் வழக்கமில்லை. ஊற்றும் டீசலின் அளவே பலத்தை நிர்ணயிக்கும். நிதான ஓட்டத்தில் அது தேவைக்கு மேற்பட்ட காற்றோடுதான் இயங்குகிறது. ஆதலின் இன்னும் காற்றைக் கொடுப்பதால் அங்கே பெரும்பயன் விளையாது. ஆயினும், புழுதியால் மிகவும் அடைபட்ட வடிகட்டி யந்திரத்தின் உழைப்பைக் கூட்டும். அதற்கு மருந்து, காலத்தில் வடிகட்டியை மாற்றுதலே. பல லாரிகளில் அடைப்பின் அளவைக் காட்டும் சிறு மானியும் உண்டு. மேலும் ஒன்று கவனிக்கற்பாலது. காற்றை எளிதில் விடும் வலை, புழுதியையும் எளிதில் விடக்கூடும். கண்ணுக்குத் தோன்றாத மண்துகள் உட்புகுந்தால், பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவர்களையும் அரம் போல் அராவிவிடும். சில படி டீசலை மிச்சம் பிடிக்க நினைத்து, யந்திரத்தையே பிரித்துச் செப்பனிடும் செலவுக்கு ஆளாதல் புத்திமான் செயலாகுமா?

அங்ஙனமாயின், நம் நண்பர் பொய் கூறினாரோ? இல்லை. அவர் கண்டதைத்தான் கூறினார். கண்டதன் காரணத்தைத்தான் பிழைபடக் கொண்டார். பணம் கொடுத்துப் பொருத்திய மறுநாள் முதல், பலனைக் காணும் ஆவலில் மனிதன் தன்னையறியாமலே மெல்ல மிதிக்கிறான். காற்று வீசும் திசை, குளிர்காலம், கோடைகாலம், ஏற்றிய பாரம், சென்ற சாலை ஆகிய ஒவ்வொன்றும் காலனுக்கு ஒரு மைலை எளிதில் கூட்டவோ குறைக்கவோ வல்லது. ஒரு முறை தொட்டி நிரப்பிக் கண்ட கணக்கு சோதனையாகாது. மெய்யாகச் சோதிக்க விரும்புவோர் ஒரே சாலையில், ஒரே வேகத்தில், போகவும் வரவும் ஓட்டவேண்டும்; பழைய பெட்டியையும் புதிய குழாயையும் மாற்றி மாற்றிப் பன்முறை பொருத்திப் பார்க்கவேண்டும்; எது பொருத்தப்பட்டுள்ளது என்பதை ஓட்டுநர் அறியாதிருப்பின் மிக நலம். நம் கல்லூரிச் சோதனைச்சாலையில் ஊசலின் வீச்சைப் பன்முறை அளந்து சராசரி எடுக்கும் மாணவர், வெளியே வந்ததும் அப்பழக்கத்தை வாயிலிலேயே விட்டுவிடுவது ஏனோ?

சிக்கனம் வேண்டுவோர்க்கு வழியில்லாமலில்லை. வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடிய வண்டியை 100-இல் ஓட்டினால் அவ்விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். நெட்டுயர்ந்த முகமுடைய பெரிய வண்டிகள் இதற்கு ஈடு கொடுப்பது பெட்ரோலாலேயே. ஆகவே வேகத்தைச் சிறிது அடக்குதல், டயர்களில் காற்றைக் குறித்த அளவில் வைத்தல், வேண்டாத பாரத்தை இறக்குதல், நின்ற இடத்தில் யந்திரத்தை வீணே ஓடவிடாதிருத்தல் ஆகிய நான்கும் பயன்தரும். இவற்றிற்கு டாலர் செலவில்லை. விலை கொடுத்து வாங்கும் பொருளை விரும்பும் நம் மனம், விலையில்லாத ஒழுங்கை விரும்புவதில்லை. இதுவே இக்காலத்துப் பெருங்குறை.

மாணவ அன்பர்களே, தீர விசாரித்தறிவதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. சொல்பவர் நமக்கு நண்பரா, பெரியவரா என்று பார்த்து ஒன்றை நம்புதல் கல்வியின் பயனன்று. நம் நண்பருக்கும் இவ்விஷயத்தை விவரமாக எழுதியிருக்கிறோம். மேற்கூறிய முறையில் சோதித்துக் கணக்கனுப்புமாறு வேண்டியிருக்கிறோம். அவர் கணக்கு நம்மைத் தவறென்று காட்டுமாயின், இதே பத்திரிகையில் அதனை ஒப்புக்கொள்ள நாம் கடமைப்பட்டவராவோம். அதுவரையில், அந்த லாரிக்காரத் தந்தையார் தம் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, புதிய வடிகட்டி ஒன்றும், டயர்க் காற்றை அளக்கும் நல்ல மானி ஒன்றும் வாங்கிக்கொள்வாராக.