மிஞ்சிய துணிகள்

தையல் இயந்திரம் உள்ள வீடுகளில் அதற்கருகே ஒரு பெட்டியோ பையோ இருப்பது வழக்கம். பாவாடைக்கு வெட்டியதில் ஒரு சாண், பள்ளிச் சீருடைக்கு வெட்டியதில் நான்கு விரற்கடை, கதவுச் சீலையின் ஓரம், கழுத்து வளைவில் விழுந்த பிறைத்துண்டு என அதனுள்ளே சேர்வன சேர்ந்துகொண்டேயிருக்கும். அவற்றோடு நூற்கட்டைகளும் தெறிகளும் நாடாக்களும் குடிபுகுந்துவிடும். தீபாவளிக்கோ சித்திரை வருடப்பிறப்புக்கோ வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில் அந்தப் பெட்டி வெளியே வரும். எறிவதா, வைப்பதா என்ற வழக்கு எழும். மாலையானதும் வழக்குத் தீராமலே பெட்டி பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாக்கும் வேலையில் ஈடுபட்டவர்களின் வீட்டிலே இந்தப் பெட்டி இன்னும் பெரிது. மேலே இணைத்த துண்டுகள், நடுவே பஞ்சுப் படலம், அடியில் ஒரு முழுத்துணி; இம்மூன்றையும் ஊடுருவ நூலோடித் தைப்பதையே ஆங்கிலேயர் குவில்ட் என்றனர். மிச்சத் துணிக்கு வழிகாட்ட எழுந்த கலை இது. ஆயினும் இன்று இதற்கென்றே புதுத்துணி வாங்கி வெட்டுவோர் பலர். மிச்சத்தைத் தீர்க்க வந்த கலையே மிச்சத்தைப் பெருக்குவதைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தவுடன் பலர் நிறம் பார்த்துப் பிரிக்கத் தொடங்குவர். சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல் என்று பிரித்தால் கண்ணுக்கு அழகுதான். தைக்கும்போதுதான் தொல்லை தெரியும். இழுத்தால் நீளும் பனியன் துணியையும் நீளாத பருத்தித் துணியையும் ஒன்றாய்த் தைத்தால் ஒன்று சுருங்க மற்றொன்று புடைக்கும். ஆதலால் முதலில் துணியின் இனம், அடுத்து அதன் தடிப்பு, அதன் பின்னரே நிறம். சாயம் போகுமா, சுருங்குமா என்பதை அறிய எல்லாவற்றையும் ஒருமுறை நனைத்து உலர்த்துதல் வேண்டும். நூலையும் விடலாகாது. பழைய நூற்கட்டையிலிருந்து ஒரு முழம் இழுத்துக் கையால் வெடுக்கெனப் பறித்துப் பாருங்கள். பஞ்சுபோல் அறுமாயின் அந்நூலாற் தைத்த தையலும் அவ்வாறே அறும்.

இனி எவ்வளவு சிறிய துண்டுவரை வைத்துக்கொள்ளலாம் என்னும் கேள்வி. இதற்கு விடையளிப்பது மனமன்று, கணக்கு. மாணவர்கள் இவ்விடத்தில் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு துண்டைத் தைக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைகிறது என்று கொள்வோம். 5 அங்குலச் சதுரம் தைத்தபின் 4½ அங்குலமாகும். பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்குப் 19 பங்கு மறையும். 2 அங்குலச் சதுரமோ 1½ அங்குலமாகும். 4 சதுர அங்குலத் துணியில் கண்ணுக்குத் தெரிவது 2¼ மட்டுமே. நூற்றுக்கு 44 பங்கு உள்ளே போய்விடுகிறது! 58½ அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள கட்டில் விரிப்புக்கு 5 அங்குலச் சதுரங்கள் 260 போதும். 2 அங்குலச் சதுரங்களாயின் 2,340 வேண்டும். பின்னதைச் செய்து முடித்த பொறுமைசாலிகள் உலகில் உளர், அவர்களை வணங்குவோம். மற்றையோர் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தவற்றைத் தலையணைக்குள் அடைத்துவிடுதல் நன்று.

கணக்கு இவ்வளவோடு நிற்க, அழகு எங்கே பிறக்கிறது என்பதற்கு ஓர் ஊரின் கதையைச் சொல்லவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்தோடும் ஒரு வளைவுக்குள்ளே ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்து அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களே அங்கு வாழ்பவர்கள். தோட்ட முதலாளியின் பெயராகிய பெட்வே என்பதே இன்றும் பலருக்குக் குடும்பப் பெயர். வறுமை மிக்க ஊர். குளிர்காலத்தில் பலகை வீட்டின் இடுக்குகளால் காற்றுப் புகும். கிழிந்த காற்சட்டையும் மாச்சாக்கும் போர்வையாக மாறியது கலையார்வத்தாலன்று, குளிரால்.

அவ்வட்டாரத்துப் பெண்கள் 1966 இல் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். 1972 இல் சியர்ஸ் ரோபக் என்னும் பெரு வணிக நிறுவனம் அவர்களிடம் தலையணை உறைகள் தைக்கும் வேலையை ஒப்படைத்தது. துணி கோர்டுராய், வரிவரியாக மேடுபட்ட தடித்த பருத்தித் துணி அது. நிறுவனம் கேட்டதோ ஒரே அளவும் ஒரே அமைப்பும். அந்த உறைகளை வெட்டியபின் விழுந்த துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுசென்றார்கள். மிச்சத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. தடித்த துணியாகையால் அதனைச் சிறுசிறு முக்கோணங்களாக வெட்டி நுண்ணிய கோலங்கள் அமைப்பது கடினம். நீண்ட பட்டையாக இருந்தது பட்டையாகவே தைக்கப்பட்டது. அகன்ற துண்டு அகன்றபடியே நின்றது. பொன்மஞ்சளும் பச்சையும் செம்மையும் கபிலமும் நேராகவும் சற்றே சாய்ந்தும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 2002 இல் அவ்வூர்ப் போர்வைகள் ஹியூஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கவிடப்பட்டன. நவீன ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அவற்றின் முன் நெடுநேரம் நின்றார்கள். 2006 இல் அமெரிக்க அஞ்சற்சேவை அவற்றுட் பத்தினை முத்திரைகளாக வெளியிட்டது.

முன்னரே ஒரு கோலத்தை வரைந்து வைத்துக்கொண்டு அதற்கேற்ற துணியைத் தேடினால் பெட்டி ஒருநாளும் ஒழியாது; ஒரு நிறம் குறையும், அதற்காகக் கடைக்குப் போவோம், ஒரு யார் வாங்கி அரையடி பயன்படுத்துவோம், மிச்சம் பெட்டிக்கு வரும். இருக்கும் துண்டு என்ன நீளமோ, என்ன தடிப்போ, அதுவே கோலத்தைச் சொல்லட்டும் என்று விட்டவர்களிடமே பெட்டி ஒழிந்திருக்கிறது. பள்ளிக் கைப்பணிக் கண்காட்சிகளில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வேலைகளுக்கே பரிசளிக்கும் நடுவர்கள் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

நம் நாட்டு வெப்பத்திற்குப் பஞ்சுப் படலம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சீலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, சீலைக்கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே நூலோடித் தைத்துப் போர்வையாக்கினர். நூலுக்கும் செலவில்லை! அதற்குக் காந்தா என்று பெயர். ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும் கந்தா என்னும் வடசொல்லே நம் மொழியிலும் கந்தை என வந்து வழங்குகிறது. அங்கே அது பிள்ளைக்கும் விருந்தினர்க்கும் விரிக்கும் பொருளுக்குப் பெயர். இங்கே இகழ்ச்சிச் சொல். நடுவே நைந்த நூற்சீலை ஒன்றை வைத்தால் நம் விரிப்புக்குப் போதிய கனம் வந்துவிடும்.

எறிவதா வைப்பதா என்ற வழக்கு எங்கள் வீட்டிலும் சென்ற ஆண்டு எழுந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் தங்கை மகளுக்கு மேசை வைக்க இடம் வேண்டியிருந்தது. இருந்த இடமோ அம்மாவின் தையல் மூலை ஒன்றே. றங்குப் பெட்டியும் மூன்று பைகளும் முற்றத்துக்கு வந்தன. பிள்ளை முதலில் பொறுமையின்றியே குந்தினாள். எரித்துவிடலாம் என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. அரை மணி நேரத்துக்குப் பின் நீலச் சீத்தைத் துண்டொன்றைத் தூக்கி, "அம்மம்மா, இது ஆற்றை சட்டை?" என்று கேட்டாள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "உன்ரை அம்மாவின்ரை" என்றார். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு மழையில் நடந்தபோது, ஒன்பது வயதுச் சிறுமியாக என் தங்கை அணிந்திருந்த சட்டை அது. அதன் பின்னர் வேலை வேறு விதமாக நடந்தது. பிள்ளை கொப்பியொன்றை எடுத்து, எந்தத் துண்டு எவருடையது, எந்த ஆண்டு என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். பெயரில்லாத துண்டுகளைப் பற்றி அம்மாவுக்கும் பிடிவாதம் இருக்கவில்லை. இரண்டு பைகள் அன்று மாலையே அயலிலுள்ள தையற்காரியிடம் போயின. அவர் கால்மிதி தைத்து விற்பவர். பெயருள்ளவற்றில் ஒரு விரிப்பு ஆயிற்று. நீலச் சீத்தையில் மட்டும் கத்தரிக்கோல் வைக்க அம்மா இன்னும் இடங்கொடுக்கவில்லை. பிள்ளையும் அதைக் கேட்கவில்லை.

இத்தகைய துண்டுகள் எவ்வூரிலும் உண்டு. ஜீஸ் பெண்டில் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி 1942 இல் கணவனை இழந்தபோது, அவன் வயலில் உடுத்துழைத்த உடைகளையே வெட்டிப் போர்வை தைத்தாள். அவனை நினைந்து அதற்குள் போர்த்துக்கொள்வதற்காகத் தாய் அதனைத் தைத்தாள் என்று மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஒருத்தி வெட்டித் தைத்தாள். ஒருத்தி வெட்டாமல் வைத்திருக்கிறாள். இரண்டிலும் எது சரி என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது.

விடுமுறையில் முயன்றுபார்க்க விரும்பும் மாணவர் முதலிலேயே கட்டில் விரிப்பில் இறங்கவேண்டாம். 5 அங்குலச் சதுரங்கள் 16 எடுத்து, நிரைக்கு நான்காக நான்கு நிரை தைத்தால் 18 அங்குலத் தலையணை உறைக்கு மேற்பக்கம் ஆகிவிடும். அடிப்பக்கத்துக்குப் பழைய வேட்டித் துணி நல்லது. ஒவ்வொரு நிரையையும் தைத்து முடித்தவுடன் சூடான இஸ்திரிக்கையால் அழுத்திவிட்டே அடுத்த நிரைக்குச் செல்லுங்கள். இல்லையேல் மூலைகள் பொருந்தமாட்டா.