முதலிற் காலுக்கு, பின்னரே கண்ணுக்கு

எமது கல்லூரிக்கு விழாக்கால அன்பளிப்பாக ஒரு பிளைற் சிமியுலேற்றர் வழங்கலாமெனக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் கருத்துத் தெரிவித்துள்ளனர். விமானமேறாமலே விமானமோட்டப் பழகும் அவ்வமைப்பை இன்று கணினியொன்றைக் கொண்டு வீட்டறையிலேயே நிறுவிக்கொள்ளலாம். நோக்கம் நன்று, மனமுவந்து வரவேற்கின்றோம். ஆயின், அவர்கள் அனுப்பிய பொருட்பட்டியலைக் கண்ணுற்றபோது எமக்கொரு மனக்குறை உண்டாயிற்று. மூன்று பெரிய மொனிற்றர்கள் அதில் முதலிடம் பெற்றிருந்தன. கால்மிதிகளோ பட்டியலின் அடியில், 'பணம் மிஞ்சினால்' என்ற குறிப்புடன் நின்றன. இவ்வொழுங்கு தலைகீழானது என்பதே எமது துணிபு.

பிறர்மீது குற்றங்காணும் நோக்கோடு இதனைக் கூறினோமல்லேம். இதே பிழையை நாமும் இழைத்திருக்கிறோம். உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் எமது வீட்டுப் பின்னறையில் மூன்று மொனிற்றர்களை வில்போல வளைத்து நிறுத்தி, மலையும் முகிலும் கண்டு மகிழ்ந்திருந்தோம். சுக்கானைக் கணினியே பார்த்துக்கொள்ளும்படி விட்டிருந்தோம். ஈராண்டு கழித்து இரத்மலானையிலே ஒரு சிறு செஸ்னா விமானத்தில், பயிற்றுநர் ஒருவரின் பக்கத்திலிருந்து உண்மையாகவே பறக்கும் பேறு கிட்டிற்று. உயரமானி முதலாய எல்லா மானிகளையும் பெயர்சொல்லிக் காட்டத் தெரிந்த எமக்கு, விமானத்தை நிலத்திலே நேராக ஓட்டத் தெரியவில்லை. மோட்டார்க்காரின் சக்கரத்தைத் திருப்புவதுபோலக் கைப்பிடியைத் திருப்பினோம். விமானம் தன்பாட்டிற் புல்லை நோக்கிச் சென்றது. "கையை மடியில வையுங்கோ ஐயா, காலால ஓட்டுங்கோ" என்றார் அவ்விளைஞர். அறுபது வயதைக் கடந்த எமது காதுகள் சிவந்துபோயின.

விமானத்தின் சுக்கான் காலினால் இயங்குவது. செஸ்னா போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில், முகப்பு விசிறி விமானியின் இருக்கையிலிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழலும். எஞ்சினை முழுவலுவில் விட்டதும் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுபடும்; வலக்காலை ஊன்றியே அதனை நேராக்கல் வேண்டும். வானிலே இடப்புறஞ் சரிக்கத் தொடங்கும்போதும் மூக்கு முதலில் எதிர்ப்புறமே விலகும். அங்கும் காலின் துணை வேண்டும். குறுக்குக் காற்றில் இறங்கும்போதோ காலன்றிக் கதியில்லை. கால்மிதி இல்லாதாரின் பொருட்டுச் சுக்கானைத் தானே இயக்கும் வசதியொன்றைச் சிமியுலேற்றர் செய்தோர் வைத்திருக்கின்றனர். அது இரக்கத்தால் அளித்த வசதிதான். ஆயினும் கால் வாளாவிருக்க விமானம் நேரே செல்லும் என்னும் பொய்யை அதனால் உடல் கற்றுக்கொள்கின்றது. உடல் கற்றதை மறக்கச்செய்தல் எளிதன்று.

காட்சியின்றேற் பயிற்சியேது என்று வினவுவாருமுளர். அவர்கள் எட்வின் லிங்க் என்பாரின் வரலாற்றை நோக்குவாராக. அமெரிக்காவின் பிங்காம்ரன் நகரிலே ஓகன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தவர் அவர். 1920களின் இறுதியில், அவ்வாத்தியத்துக்குரிய துருத்திகளைக் கொண்டே, சாய்ந்தும் திரும்பியும் அசையும் பறப்புப் பயிற்சிப் பெட்டியொன்றை அமைத்தார். 1934இல் தபால் சுமந்து சென்ற இராணுவ விமானிகள் பலர் மோசமான காலநிலையில் மாண்டனர். அதன்பின்னரே அமெரிக்க இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரிலே பெருந்தொகையான விமானிகள் அதிற் பயின்றனர். மூடியைச் சாத்தினால் மாணவனுக்கு வெளியுலகம் அணுவளவுந் தோன்றாது. கையில் ஒரு தடி, காலில் மிதி, கண்முன் மானிகள். அவ்வளவே அவனுக்குக் கிடைத்தவை.

ஆகவே, முதற் பணம் கால்மிதிக்கும் கைப்பிடிக்குமே செல்லல் வேண்டும். வாங்கினாற் போதாது, அசையாமற் பொருத்தவும் வேண்டும். வழுவழுப்பான சீமெந்துத் தரையில் மிதியை வைத்து அழுத்தினால் மிதி முன்னே வழுக்கும். உருளை பூட்டிய நாற்காலியோ பின்னே ஓடும். பிரேக் பிடிக்குந்தோறும் நாம் சுவரிற் சென்று மோதிய நாட்கள் பல. ஈற்றில் ஊர்த் தச்சரொருவர் மிதியையும் உருளையற்ற கதிரையையும் ஒரே பலகையிற் பிணைத்துத் தந்தார். அதற்கான செலவு ஒரு மொனிற்றரின் விலையிற் சிறு பங்குதானும் ஆகவில்லை. செஸ்னாவைப் பழகுவோர் கைப்பிடியை இடக்கைக்கு நேராகவும் எஞ்சினின் வலுவை ஆளும் திறொற்றிலை வலக்கைக்கு எட்டவும் வைத்தல் வேண்டும். எயார்பஸ் விமானத்திற் கப்பித்தானுக்கு இடப்புறத்திலே சிறு தடியொன்றுண்டு. அதனைப் பழக விரும்புவோர் தடியை இடப்புறத்திற் பொருத்துக.

கருவிகளைக் கணினியோடு தொடுத்தபின் இன்னொரு தொல்லையுண்டு. ஒரே வேலையை இரு கருவிகள் தம்முடையதென உரிமை கொண்டாடும். தடியோடு வந்த சிறு நெம்பும், தனியே வாங்கிய திறொற்றிலும் எஞ்சினுக்குப் போட்டியிட, எஞ்சின் உறுமுவதும் அடங்குவதுமாகத் தவிக்கும். கருவி பழுதென்று திருப்பியனுப்புமுன் கணினியிலுள்ள ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நன்று.

இனி மொனிற்றர்களைப் பற்றியும் நியாயமாக ஒரு சொற் கூறல் வேண்டும். பக்கக் காட்சி வீணானதன்று. இறங்குமுன் விமானம் ஓடுபாதையைச் சுற்றி வரும்போது ஓடுபாதை முன்னே இருப்பதில்லை. பெரும்பாலும் இடத்தோளுக்கு நேரே இருக்கும். எப்போது திரும்புவதென்பதைப் பக்கம் பார்த்தே துணிதல் வேண்டும். ஒற்றை மொனிற்றரில் மாத்திரம் பழகியவன் வெளியே பார்க்காமல் மானிகளையே வெறித்துப் பார்க்கும் வழக்கத்துக்கு அடிமையாவான். எனவே பக்க மொனிற்றர் வேண்டாமென்பது எமது வாதமன்று. வேண்டும், ஆனால் அளவறிந்து வேண்டும்.

அவ்வளவைக் கேத்திரகணிதம் கூறும். இருபத்தேழு அங்குல மொனிற்றர் ஏறக்குறைய 60 சதமமீற்றர் அகலமுடையது. கண்ணிலிருந்து 60 சதமமீற்றர் தூரத்தில் நேரே வைத்தால் அது 53 பாகைக் கோணத்தை அடைக்கும். பக்கத்து மொனிற்றர்கள் இரண்டையும் 53 பாகை உட்சாய்த்து நிறுத்தினால் மொத்தம் 160 பாகை அளவிற் காட்சி கிடைக்கும். எக்ஸ்-பிளேன் போன்ற சிமியுலேற்றரில் ஒவ்வொரு மொனிற்றருக்கும் அதன் கோணத்தைத் தனித்தனியே குறிக்கலாம். மேசைமேலுள்ள கோணமும் கணினியிற் குறித்த கோணமும் ஒவ்வாவிடின் அடிவானம் மொனிற்றரின் விளிம்பிலே முறிந்து தோன்றும். தரை எத்துணை அருகிலுள்ளதென்பதைக் கண் பிழையாகக் கணிக்கும். மூன்று காட்சிகளை ஒருங்கே வரையும் கணினி வலுவற்றதாயின் காட்சி விக்கி விக்கி ஓடும். அதனைவிட ஒரு மொனிற்றரிலே சீராக ஓடும் காட்சி எவ்வளவோ மேல்.

மானிகளுக்கெனக் கைப்பிடியின் பின்னே சிறு மொனிற்றரொன்றைத் தாழ வைத்தல் விரும்பத்தக்கது. மைக்ரோசொவ்ற்றின் 2020ஆம் ஆண்டுச் சிமியுலேற்றரில் வலப்புற ஓல்ற் விசையை அழுத்தியவாறு மானித்திரையைச் சொடுக்கினால் அது தனிச் சாளரமாகப் பிரிந்து வரும். அதனை அம்மொனிற்றருக்கு இழுத்துவிடலாம். பழைய மொனிற்றரே இதற்குப் போதும். முகத்தில் அணியும் காட்சிக் கண்ணாடி சாலச் சிறந்ததென்பர். சிறந்ததுதான், ஆனால் அணிந்தவனுக்குத் தன் கையே தெரியாது, சூழ நிற்கும் இருபது மாணவருக்கும் ஒன்றுந் தெரியாது.

இவ்வமைப்பிற் கழித்த மணித்தியாலங்கள் விமானியின் பதிவேட்டிற் சேரமாட்டா என்பதை மாணவருக்கு முதலிலேயே சொல்லிவிடல் வேண்டும். எனினும், 2019இல் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியில் இறங்கிப் பார்க்கவே அவர்கள் முதலில் ஓடிவருவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அன்பளிப்புச் செய்வோருக்கு எமது வேண்டுகோள் இது: கால்மிதி, கைப்பிடி, திறொற்றில், வலுவான கணினி, ஒரு மொனிற்றர் ஆகியவற்றை இவ்வாண்டு அனுப்புக. பக்க மொனிற்றர்கள் இரண்டும் அடுத்த ஆண்டு வரட்டும். ஆறாம் வகுப்புச் சிறுவனின் காலும் உயர்தர வகுப்பு மாணவனின் காலும் மிதியை ஒருங்கே எட்டும்படி, முன்பின் நகர்த்தத்தக்க இருக்கையொன்றைப் பலகையிற் பொருத்தும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். தச்சரிடம் சொல்லியாயிற்று.